லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே அணிந்துவிடுங்கள்: ஏரிக்குப் படகு கொண்டுபோகும் நம்மவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எனக்கு மோட்டார் சைக்கிள் பட்டறை. படகு இஞ்சின்களும் பழுது பார்க்கிறேன். சுற்றிலும் பால்மரமும் செம்பனையும் இருக்கிற ஊரில் படகு இஞ்சினுக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கோலகங்சாரைத் தாண்டி கிரிக் சாலையில் ஏறிப் பார்த்தால் விளங்கும். பேராக் ஆற்றில் மேலிருந்து கீழாகத் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டரோ என்று நான்கு அணைகள். கடைசியில் இருக்கும் செண்டரோ 1930இல் கட்டி முடித்தது. நாட்டின் மிகப் பழைய பெரிய நீர்மின் அணை அதுதான். அது தேக்கி வைத்த தண்ணீரின் ஒரு பகுதிதான் லெங்கோங் போகும் வழியில் நாம் பார்க்கிற ராபான் ஏரி. இன்னும் மேலே போனால் தெமெங்கோர். தீபகற்பத்தில் கென்யிருக்கு அடுத்த பெரிய ஏரி.

சனி, ஞாயிறு விடிவதற்கு முன்பே எங்கள் கடைத்தெரு வழியாகப் படகை இழுத்துக்கொண்டு வண்டிகள் போகும். தோமான் மீன் பிடிக்கப் போகிறவர்கள், செபாராவ் மீன் தேடிப் போகிறவர்கள், சும்மா பிள்ளைகளுக்கு ஏரியைச் சுற்றிக் காட்டப் போகிறவர்கள். முன்பு நம்மவர்கள் இதில் குறைவு. இப்போது நாலைந்து கூட்டாளிகள் பணம் போட்டுப் பழைய ஃபைபர் படகு ஒன்றும் 15 குதிரைத்திறன் இஞ்சின் ஒன்றும் வாங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு கவலையும் உண்டு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். "ஆத்துப் பக்கம் போகாதே" என்றுதான் லயத்தில் நம்மை வளர்த்தார்கள். நீச்சல் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை, நீச்சல் குளமும் இல்லை. அந்தப் பயம் இப்போது விட்டுப்போய்விட்டது. அதற்குப் பதிலாக வரவேண்டிய பாதுகாப்புப் பழக்கம் இன்னும் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தெமெங்கோரில் நான் நேரில் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் மற்றதெல்லாம் புரியும். காலையிலேயே பண்டிங் தீவுப் படகுத்துறையில் இறங்கி, மூன்று பேராக மீன் பிடித்துக்கொண்டிருந்தோம். மதியத்துக்கு மேல் காற்று திடீரென்று நின்றுபோனது. ஏரி எண்ணெய் ஊற்றியதுபோல் ஆனது. மேற்கே இருந்த மலை முதலில் சாம்பல் நிறமாகி, அப்புறம் கண்ணுக்கே தெரியாமல் போனது. மழை அந்த மலையை மூடிவிட்டது என்று அர்த்தம். தூண்டில்களைச் சுருட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்த ஒரு மேட்டுக்குப் பின்னால் காற்று படாத வளைவுக்குப் போய்விட்டோம்.

அங்கே சேர்ந்த சற்று நேரத்தில் குளிர்ந்த காற்று ஒன்று முகத்தில் அடித்தது. இடி இன்னும் தூரத்தில்தான் இருந்தது; காற்று மட்டும் முந்திக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு பக்கமும் மலை இருப்பதால் அந்த நீர்ப்பாதையில் காற்று குழாய்க்குள் புகுந்ததைப்போல வேகமெடுக்கும். நிமிடக் கணக்கில் வெள்ளை நுரையோடு அலை எழும்பிவிட்டது. அப்போதுதான் அந்தப் படகைப் பார்த்தோம். வாடகைப் படகு. ஒரு தமிழ்க் குடும்பம். பாட்டி, கணவன் மனைவி, பிள்ளைகள், கூடவே ஐஸ் பெட்டி, சோற்றுப் பானை. இஞ்சின் நின்றுபோய், படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது. படகோட்டி எழுந்து நின்று கயிற்றை இழுத்து இழுத்து ஸ்டார்ட் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் இழுப்புக்கும் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. யார் மேலும் லைஃப் ஜாக்கெட் இல்லை.

நாங்கள் போனோம். நெருங்கிப் போய் ஒட்டவில்லை. அலையில் இரண்டு படகும் மோதினால் நடுவில் கை வைக்கிறவனுக்கு விரல் மிஞ்சாது. கொஞ்சம் தள்ளி நின்றே கயிற்றை வீசி, அவர்கள் படகின் முன்மூக்கில் இருந்த வளையத்தில் கட்டச் சொன்னோம். எல்லாரையும் பலகையிலிருந்து இறங்கிப் படகின் தரையில், நடுவில் உட்காரச் சொன்னோம். மெதுவாக இழுத்ததும் படகின் மூக்கு அலைப் பக்கம் திரும்பியது. அதுவரை பக்கவாட்டில் உள்ளே அடித்துக்கொண்டிருந்த தண்ணீர் குறைந்தது. "ஜாக்கெட் இல்லையா அண்ணே?" என்று கேட்டேன். இருந்தது. முன்பக்கத் தட்டுக்குக் கீழே, ராஃபியா கயிற்றில் மொத்தமாகக் கட்டி, சிலவற்றைக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் உறையோடு வைத்திருந்தார்கள். நனைந்த ராஃபியா முடிச்சை நடுங்கும் விரல்களால் அவிழ்க்க முடியவில்லை. அந்தத் தகப்பன் பல்லால் கடித்துப் பார்த்தார். கடைசியில் மீன் வெட்டும் கத்தியால் அறுத்துத்தான் எடுத்தார். அதற்குள் நாங்கள் வளைவுக்கே வந்து சேர்ந்திருந்தோம். அதாவது, ஜாக்கெட் தேவைப்பட்ட நேரம் முழுதும் அது படகில் இருந்தது, யார் உடம்பிலும் இல்லை.

இஞ்சின் ஏன் நின்றது என்று வளைவில் பார்த்தேன். பெட்ரோல் தொட்டியின் மூடியில் காற்றுப் போக ஒரு சிறு திருகு இருக்கும். வண்டியில் கொண்டுபோகும்போது பெட்ரோல் சிந்தாமல் இருக்க அதை மூடிவைப்பார்கள். ஓட்டும்போது திறக்க வேண்டும். திறக்காவிட்டால் இஞ்சின் முதலில் நன்றாகத்தான் ஓடும். பெட்ரோல் குறையக் குறையத் தொட்டிக்குள் காற்று இழுவை உண்டாகி, பெட்ரோல் வருவது நின்றுவிடும். கரையில் கிளம்பியபோது ஒரு குறையும் தெரிந்திருக்காது. நடு ஏரியில்தான் நிற்கும். திருகைத் திறந்து, குழாயில் இருக்கும் ரப்பர் குமிழை இறுகும்வரை அழுத்தினேன். இரண்டாவது இழுப்பில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரு திருகு. அதற்காக அந்தக் குடும்பம் அன்றைக்குத் தண்ணீரில் இருந்திருக்கும்.

அந்த நாளிலிருந்து என் படகில் ஒரே சட்டம்தான். ஜாக்கெட்டைக் கரையில், மண்ணில் கால் இருக்கும்போதே போட்டு, பட்டை இறுக்கி, நான் ஒருமுறை தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்த பிறகுதான் யாரும் படகில் ஏறலாம். தூக்கும்போது ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது அளவு சரியில்லை, அல்லது பட்டை தளர்ந்திருக்கிறது. தண்ணீரில் விழுந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் ராபான் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒருமுறை முயன்று பாருங்கள். மிதக்கிற பொருளை நனைந்த உடம்பில் மாட்டுவது எவ்வளவு சிரமம் என்று அப்போது தெரியும். அலையில், கால் எட்டாத ஆழத்தில், சட்டையும் காற்சட்டையும் நனைந்த நிலையில் அது நடக்கிற காரியமே இல்லை. அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஒவ்வோர் ஆண்டும் பொழுதுபோக்குப் படகு விபத்துக் கணக்கை வெளியிடுகிறது. அதில் மூழ்கி இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஜாக்கெட் அணியாதவர்களாகவே வருகிறார்கள், வருடா வருடம்.

வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் 50, 100, 150 என்று நியூட்டன் கணக்கு இருக்கும்; மிதக்கவைக்கும் சக்தியின் அளவு அது. 50 என்பது நீந்தத் தெரிந்தவருக்குத் துணை மட்டும். நீந்தத் தெரியாதவருக்கும் பிள்ளைகளுக்கும் குறைந்தது 100 வேண்டும். கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்கும் பட்டை இருப்பதாகப் பாருங்கள். அப்புறம், ஜாக்கெட் மேல் உட்காரும் பழக்கத்தை விடுங்கள். உள்ளே இருக்கும் நுரை நசுங்கி நசுங்கி மிதக்கும் சக்தியை இழந்துவிடும். என் பட்டறைக்கு வரும் சில படகுகளில் ஜாக்கெட் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். வெயிலில் நிறம் வெளுத்த ஜாக்கெட்டின் பட்டையைப் பிடித்து வேகமாக இழுத்துப் பாருங்கள். தையல் விட்டால் அது குப்பைக்குத்தான். ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் ஒரு விசிலைக் கட்டிவிடுங்கள். கத்தினால் தொண்டை சீக்கிரம் போய்விடும், விசில் சத்தம் தூரம் போகும்.

பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் ஜாக்கெட்டைப் போட்டு "வளர்ற பிள்ளைதானே" என்று சமாளிக்கக் கூடாது. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும். எடைக்கு ஏற்றதாக, இரண்டு காலுக்கும் நடுவே போகும் பட்டை உள்ளதாக வாங்குங்கள். என் மகளுக்கு முதல் ஜாக்கெட் வாங்கியபோது அவளைக் கரையோரம் மடியில் வைத்து அதோடு மிதக்கப் பழக்கினேன். பழகாத பிள்ளை, முகத்துப் பக்கம் ஏறும் ஜாக்கெட்டைப் பார்த்தே பயந்து அழும்.

பெண்களின் உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெமெங்கோரில் அந்தப் பாட்டி சேலையில் இருந்தார். "வேணாம் தம்பி, மூச்சு முட்டுது" என்று லைஃப் ஜாக்கெட்டைத் தள்ளினார். கெஞ்சித்தான் போடவைத்தோம். லைஃப் ஜாக்கெட்டைச் சேலைக்கு மேலும் போடலாம், அதில் சிக்கல் இல்லை. ஆனால் ஆறு கஜம் துணி தண்ணீரில் காலைச் சுற்றிக்கொண்டால் நீந்தத் தெரிந்தவருக்கே கால் அசைக்க முடியாது. துப்பட்டாவும் அப்படித்தான், இஞ்சின் பக்கம் பறந்தால் இன்னும் ஆபத்து. வீட்டிலிருந்தே காற்சட்டை, டீசட்டை போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். பெரியவர்கள் கூச்சப்பட்டால் கரையில் இருக்கட்டும், வற்புறுத்தி ஏற்ற வேண்டாம்.

எத்தனை பேர் ஏறலாம் என்பதில்தான் நம் மக்கள் அதிகம் விட்டுக்கொடுக்கிறார்கள். உறவுக்காரர்கள் வந்துவிட்டார்கள், யாரை இறக்கிவிடுவது என்ற தயக்கம். படகில் தயாரிப்பாளர் ஒட்டிய தகடு இருந்தால் அதில் உள்ள எண்ணிக்கைதான் முடிவு. பழைய படகுகளில் அது இருக்காது. அப்போது ஒரு தோராயக் கணக்கு உண்டு: படகின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்கி 15ஆல் வகுக்க வேண்டும். 20 அடிக்குக் குறைந்த சாதாரணப் படகுகளுக்கு இது பொருந்தும். 14 அடி நீளம், 5 அடி அகலம் என்றால் 70. 15ஆல் வகுத்தால் நாலரைக்குக் கொஞ்சம் மேல். அதை ஐந்தாக்கக் கூடாது, நான்கு பேர்தான். அதுவும் காற்று இல்லாத நல்ல நாளுக்கு. ஐஸ் பெட்டி, பேட்டரி, கூடாரம் எல்லாம் ஏற்றினால் ஆளைக் குறைக்க வேண்டும். இரண்டு நடையாக அழைத்துப் போவதில் என்ன குறைந்துவிடப் போகிறது? அரை மணி நேரம் போகும், அவ்வளவுதான்.

கரையில் படகை இறக்குவதற்கு முன் பின்பலகையின் அடியைக் கையால் தடவிப் பாருங்கள். மழைத் தண்ணீர் வடிய அங்கே ஒரு துளை இருக்கும்; அதன் தக்கையைக் கழற்றி வைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் உண்டு. தண்ணீர் மெதுவாகத்தான் ஏறும், தரைப்பலகைக்குக் கீழே என்பதால் கண்ணுக்கும் தெரியாது. என் தக்கையை இஞ்சின் கைப்பிடியில்தான் தொங்கவிடுவேன், அதை எடுக்காமல் இஞ்சினைப் பிடிக்க முடியாது. பெட்ரோலை எடுத்துச் செல்லும் தொட்டியில் நிரப்புவதாக இருந்தால் தொட்டியைப் படகிலிருந்து இறக்கிக் கரையில் வைத்து நிரப்புங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; படகின் அடியில் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். எவ்வளவு எடுத்துப் போவது என்றால், மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. 24 லிட்டர் தொட்டியில் 8 லிட்டர் தீர்ந்ததும், மீன் எவ்வளவு கடித்தாலும் திரும்பிவிட வேண்டும். கூடவே ஒரு ஸ்பார்க் பிளக், அதைக் கழற்றும் சாவி, இரண்டு துடுப்பு, நீண்ட கயிறு, தண்ணீர் இறைக்க ஒரு வாளி.

இனி இஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிறு. இஞ்சின் கைப்பிடிப் பக்கத்தில் ஒரு பொத்தான், அதில் சுருள் சுருளாக ஒரு கயிறு கோத்திருக்கும். ஒரு நுனி இஞ்சினில், மறு நுனி ஓட்டுகிறவர் உடம்பில். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு வரும், இஞ்சின் அந்த நொடியே நிற்கும். என் பட்டறைக்கு வரும் இஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் இந்தக் கயிறு இஞ்சினிலேயே சுற்றித் தொங்கிக்கொண்டிருக்கும். சிலவற்றில் கயிறே இருக்காது. பொத்தான் உள்ளே போகாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகியிருப்பார்கள். நான் அந்தத் துண்டைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கயிறு போட்டுத்தான் இஞ்சினைக் கொடுப்பேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். பரவாயில்லை.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், என் மச்சான் இன்று உயிரோடு இருப்பது அந்தக் கயிற்றால். செண்டரோ பக்கம் ஒரு காலையில் அவர் தனியாக ஓட்டிக்கொண்டு போனார்; நான் பின்னால் வேறொரு படகில். அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மரங்கள் இந்த ஏரிகளில் இன்னும் நிற்கின்றன. தண்ணீர் மட்டம் குறையும்போது தலை தெரியும், ஏறும்போது ஒரு சாண் ஆழத்தில் ஒளிந்துகொள்ளும். அப்படி ஒரு கட்டையில், தண்ணீருக்குள் இருக்கும் இஞ்சினின் கால் இடித்தது. படகு வெட்டித் திரும்பியது, மச்சான் எகிறித் தண்ணீரில் விழுந்தார். கயிறு அவர் தொடையில் கட்டியிருந்ததால் இஞ்சின் சட்டென்று அடங்கியது. நான் போய்ச் சேர்ந்தபோது படகு அவரிடமிருந்து கை எட்டும் தூரத்தில் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. கயிறு இல்லாமல் இருந்திருந்தால் இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். பிடிக்க ஆள் இல்லாத படகு நேராகப் போகாது. கைப்பிடி ஒரு பக்கம் மடங்கி வட்டமடிக்கும். வட்டத்தின் நடுவில் இருப்பது விழுந்த ஆள். சுற்றி வந்து இஞ்சினின் சுழலும் இறக்கை அவர் மேலேயே ஏறும். கயிற்றை மணிக்கட்டில் கட்டாதீர்கள், ஈரத்தில் நழுவும். தொடையில் அல்லது ஜாக்கெட்டின் பட்டையில் மாட்டுங்கள்.

மரக்கட்டை உள்ள பகுதியில் வேகம் குறைக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் ஒருவர் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வரட்டும். தெமெங்கோரில் இருட்டிய பிறகு படகு ஓட்டவே வேண்டாம். அணைக்குப் பக்கத்தில் மிதவைகளைக் கோத்து வேலி போட்டிருப்பார்கள், அதைத் தாண்டக் கூடாது. அணைக்குக் கீழே ஆற்றில் மீன் பிடிக்கிறவர்கள் சங்கு ஊதினால் உடனே கரையேறுங்கள். மதகைத் திறந்தால் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து முடிவெடுக்க நேரம் இருக்காது.

வானிலையைப் பற்றி: ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர் வாக்கில் பருவக்காற்று மாறும் காலத்தில் நம் மேற்குக் கரை மாநிலங்களில் பிற்பகல் இடிமழை வாடிக்கை. விடியற்காலை இறங்கி மதியத்துக்குள் கரையேறிவிடுவது நல்லது. வானிலை ஆய்வுத் துறையின் மைச்சுவாச்சா (myCuaca) செயலியைக் கிளம்பும் முன் பாருங்கள், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். மலை மறைந்தால், காற்று திடீரென்று நின்றால், குளிர்காற்று வீசினால் அதுதான் எச்சரிக்கை. மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையே எண்ணிப் பாருங்கள். 30 நொடிக்குள் சத்தம் வந்துவிட்டால் நீங்கள் ஏற்கெனவே அதன் எட்டுக்குள் இருக்கிறீர்கள். திறந்த படகில் தண்ணீர் நடுவே நீங்கள்தான் உயரமான பொருள். கார்பன் தூண்டில் மின்சாரத்தைக் கடத்தும், அதைக் கிடத்திவிடுங்கள். கரையேற முடிந்தால் ஏறுங்கள், தனியாக நிற்கும் பெரிய மரத்தடியைத் தவிருங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி இறங்க வேண்டும். அலையில் மாட்டிக்கொண்டால் வேகத்தைக் குறைத்து, அலையைக் கொஞ்சம் சாய்வாக மூக்கால் வெட்டிப் போங்கள், பக்கவாட்டைக் காட்டாதீர்கள்.

படகு கவிழ்ந்தால் படகை விடாதீர்கள். கரை பக்கத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும். தண்ணீர் மட்டத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தூரம் சரியாகப் பிடிபடாது. பாதி வழியிலேயே கை சோர்ந்துபோகும். நுரை அடைத்த ஃபைபர் படகு கவிழ்ந்தாலும் முழுதாக மூழ்காது. அதைப் பிடித்துக்கொண்டு இருந்தால் தேடி வருகிறவர்களுக்கு ஒரு தலையைவிடப் படகு எளிதில் கண்ணில் படும். நம் ஊர்த் தண்ணீர் குளிராது என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகத்தில் உடம்புச் சூட்டை உறிஞ்சும். பிள்ளைகளை நடுவில் விட்டுப் பெரியவர்கள் சுற்றிலும் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் விழுந்தால், படகில் ஒரு ஆள் வேறு எதுவும் செய்யாமல் விழுந்தவரை விரல் நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் அவரைத் தொட வேண்டும். மூழ்குகிறவர் படத்தில் வருவதுபோலக் கையை ஆட்டிக் கத்த மாட்டார். வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும்போது மூச்சு வாங்கவே நேரம் போதாது. சத்தமில்லாமல் தலையைப் பின்னால் சாய்த்து நிற்பதுபோல இருப்பார். பிள்ளை திடீரென்று அமைதியானால் திரும்பிப் பாருங்கள்.

மதுவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் கூட்டங்களில் ஐஸ் பெட்டியில் மீனுக்கு முன்பே பீர் டின் ஏறிவிடுகிறது. சாலையில் ஓட்டுகிறவருக்கு 2020இல் சட்டத்தைக் கடுமையாக்கி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மது வரை என்றிருந்ததை 50 ஆக்கினார்கள். ஏரியில் வெயிலும் இஞ்சின் அதிர்வும் ஆட்டமும் சேர்ந்து, குடிக்காதவருக்கே தலை கிறங்கும்; குடித்தவர் நிலையைச் சொல்ல வேண்டாம். ஓட்டுகிறவர் மட்டும் குடிக்காமல் இருந்தால் போதாது. விழுகிறவர் கூட வந்தவராகவும் இருக்கலாம்: பீர் குடித்துவிட்டு, படகின் விளிம்பில் நின்று சிறுநீர் கழிக்கப் போகிறவர். படகைக் கரையில் ஒதுக்கிவிட்டுப் போங்கள், இல்லை உட்கார்ந்தபடி ஒரு போத்தலில் போங்கள். என் படகைத் திரும்பிவந்து கரையில் கட்டிய பிறகுதான் டின் திறக்கும். "என்னண்ணே, ஒன்னு தானே லா" என்று கேட்கும் தம்பிமார்களை நான் கூட்டிப் போவதில்லை.

கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒன்றும் படகுத்துறையில் இருப்பவரிடம் ஒன்றும் கொடுங்கள்: யார் யார் போகிறோம், எந்தப் பக்கம், படகின் நிறம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணி ஆகியும் வராவிட்டால் 999ஐக் கூப்பிட வேண்டும். கடைசி வரிதான் முக்கியம். அது இல்லாவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று நள்ளிரவுவரை காத்திருப்பார்கள். தெமெங்கோரில் பல இடங்களில் ஃபோன் லைன் கிடைக்காது. ஆனால் லைன் இல்லாவிட்டாலும் ஃபோனின் ஜிபிஎஸ் வேலை செய்யும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, ஃபோனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். லைன் கிடைக்கும் மேட்டுக்குப் போனவுடன் இருக்கும் இடத்தைச் சரியாகச் சொல்லலாம். தெமெங்கோர் ஏரியின் வடபகுதியில் இருக்கும் அரச பெலும் பூங்காவுக்குள் போக முன்னரே அனுமதி எடுக்க வேண்டும். அதை வெறும் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள், உங்கள் பெயர் ஒரு பதிவேட்டில் இருப்பது உங்களுக்குத்தான் நல்லது.

பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள். டியூஷனுக்குச் செலவழிக்கிறோம், பரதத்துக்கு அனுப்புகிறோம். ஈப்போ பக்கம் பொது நீச்சல் குளங்களில் வகுப்பு நடத்துகிறார்கள். வேகமாக நீந்த வேண்டியதில்லை. மல்லாந்து மிதக்கத் தெரிந்து, பயப்படாமல் மூச்சு விடத் தெரிந்தால் அதுவே பெரிய காரியம். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பேருந்து ஏற்பாடு செய்து விடுமுறையில் கூட்டிப் போகலாம். எங்கள் தலைமுறைக்குக் கிடைக்காதது, இவர்களுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

கடைசியாக ஒன்று, வீட்டுக்கு வந்த பிறகு. ஏரித் தண்ணீரிலும் சேற்றிலும் எலிச் சிறுநீர்க் கிருமி இருக்கலாம். காலில் வெட்டோ கீறலோ இருந்தால் அதன் வழியாக உடம்புக்குள் போகும். அன்றே காய்ச்சல் வராது, பெரும்பாலும் ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துத்தான் வரும். அதற்குள் ஏரிக்குப் போனதையே மறந்திருப்போம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, தலைவலி என்று வந்தால் பனடோல் போட்டுப் படுக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும், எந்தத் தேதியில் எந்தத் தண்ணீரில் இறங்கினீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.